கடைசியில் வாங்குவது யார்?

நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்கள் முன்பெல்லாம் பஞ்சகவ்யா, மீன் அமிலம், பாரம்பரிய நெல் என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்விகள் விதவிதமாக வருகின்றன. உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர், இன்ஜினியரிங் முடித்தவர், மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயத்துக்கு வர நினைப்பவர், போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐயா, பால் பைத்தான் வளர்த்தா நல்ல வருமானமாமே. ஒரு ஜோடி வாங்கி விட்டா வருஷா வருஷம் குட்டியை வித்துக்கிட்டே இருக்கலாமாம். நீங்க பேங்குல இருந்தவரு, கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

பால் என்றதும் கறக்கிற பால் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பகுதிகளில் இருக்கிற சிறிய ரக மலைப்பாம்பு அது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். ஆங்கிலத்தில் அதனால்தான் அந்தப் பெயர். நாலைந்து அடி நீளம், விஷம் கிடையாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வீட்டில் வளர்க்கிறார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உயிரினங்களுக்கும் 2022-ல் வந்த திருத்தத்தில் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்ற விதி 2024-ல் வந்தது. உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. முடியாததால்தான் பெட்டிக்குள் வருகிறது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் உரிமை கோராத பைகளில் 45 பால் பைத்தான்கள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளைச் சுங்கத் துறையினர் பிடித்தார்கள்.

இதைக் கேட்டதும் தம்பிக்கு ஆசை போய்விட்டது. ஆனால் போலீஸ் பயத்தால் மட்டும் ஒருவர் விலகினால் எனக்குத் திருப்தி இல்லை. சட்டம் முழுசாக அனுமதிக்கிற நாட்டிலேயே இந்தத் தொழிலில் விலை என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அதே கணக்கு கோழி, மாடு, மண்புழு என்று வேறு வேறு உருவத்தில் நம் வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்பதால் தடுக்கவும் ஆள் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். சாதாரண பால் பைத்தான் பழுப்பும் கருப்புமாக இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகி மலிவாகக் கிடைத்த பாம்பு. 1992-ல் ஒரு வளர்ப்பாளர் மஞ்சளும் வெள்ளையுமான நிறமிக் குறை பாம்பை முதன்முதலாகக் கூண்டில் இனப்பெருக்கம் செய்தார். குட்டி ஒன்று 7,500 டாலருக்குப் போனது. அன்றைக்கு அது ஒரு காரின் விலை. அதற்குப் பிறகு வெள்ளைத் திட்டு, சிலந்திக் கோடு, வாழைப்பழ நிறம் என்று புதுசு புதுசாக வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது ஆயிரக்கணக்கான டாலர். சிலந்திக் கோடு போட்ட ரகத்துக்குத் தலை நிலையாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். நரம்புக் கோளாறு அந்த நிறத்தோடு கூடவே வருகிறது. அதையும் விலை கொடுத்து வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் யார்? பாம்பின் மேல் பிரியப்பட்டு வாங்கியவர் கொஞ்சம் பேர். பெரும் விலை கொடுத்தவர்களில் பலர், அதை வைத்துக் குட்டி எடுத்து விற்கலாம் என்று வாங்கியவர்கள். 7,500 டாலர் கொடுத்தவர் பாம்புக்குக் கொடுக்கவில்லை, அதிலிருந்து வரப்போகும் குட்டிகளின் விலைக்குக் கொடுத்தார். ஒரு தாய்ப் பாம்பு ஒரு தடவையில் ஐந்தாறு முட்டை வைக்கும். ஒரு ஆணைப் பல பெண்ணோடு சேர்க்கலாம். குட்டி மூன்று வருடத்தில் தாயாகிவிடும். ஆக, இன்று வாங்கியவர் எல்லாரும் மூன்று வருடம் கழித்து நமக்கே போட்டியாக விற்க வந்து நிற்பார்கள். அப்படித்தான் நின்றார்கள். அந்த நிறமிக் குறை குட்டி இன்று சில நூறு டாலருக்குள் கிடைக்கிறது. கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் செல்லப் பிராணி வாங்கித் தள்ள, மறுபடி விலை ஏறியது. அதைப் பார்த்துப் புதிதாக இறங்கியவர்களின் குட்டிகள் விற்பனைக்கு வந்த நேரத்தில் வாங்க வந்த கூட்டம் கலைந்திருந்தது. பாம்பு விலை விழுந்ததே தவிர, அது தின்கிற எலியின் விலையும் பெட்டிக்குச் சூடு கொடுக்கும் மின்சாரக் கட்டணமும் விழவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிரியப்பட்டு வாங்குகிறவர் எத்தனை தடவை வாங்குவார்? இந்தப் பாம்பு கூண்டில் இருபது, முப்பது வருடம் இருக்கும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச் சாலையில் 62 வயது தாண்டிய ஒரு பால் பைத்தான், பல வருடமாக ஆண் துணையே இல்லாமல் இருந்தது, 2020-ல் முட்டையிட்டு எல்லாரையும் வியக்க வைத்தது. அவ்வளவு ஆயுசு. ஒரு தடவை வாங்கியவர் அடுத்த இருபது வருடத்துக்குக் கடைப் பக்கம் வரத் தேவையில்லை. நாட்டுக்கோழி தின்கிறவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வருவார். இரண்டு தொழிலுக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்திலும் பாம்பு வியாபாரம் ஒன்று உண்டு, அதில் கணக்குப் போடக்கூட எதுவும் இல்லை. மண்ணுளிப் பாம்பைத்தான் சொல்கிறேன். வாலும் தலை மாதிரியே மொண்ணையாக இருப்பதால் இருதலைப் பாம்பு என்று பேர். எடை கூடினால் விலை லட்சம், கோடி என்று ஏறும், வெளிநாட்டில் மருந்துக்கு வாங்குகிறார்கள் என்று பல வருடமாக ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கைதாகிறவர்கள் எல்லாம் பிடித்து வைத்திருந்தவர்களும் கைமாற்ற நின்றவர்களும்தான். மருந்து செய்கிற அந்தக் கடைசி ஆளை யாரும் பார்த்ததில்லை. முன்பணம் கொடுத்தவன் ஏமாந்ததும், வனத்துறை வழக்கில் மாட்டியதும்தான் மிச்சம். மண்ணுக்குள் எலியைத் தின்றுகொண்டு கிடக்கிற ஒரு சாது ஜீவன். அதன் விலை முழுக்க முழுக்க வதந்தி.

சரி, பாம்பை விடுவோம். இதழ் படிக்கிற நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஈமுவை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இன்று விவசாயத்துக்கு வருகிற பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஈமு ஆஸ்திரேலியப் பறவை. ஆள் உயரம் நிற்கும், பறக்காது. 1990-களின் பிற்பகுதியில் ஆந்திரா வழியாக இந்தியாவில் பண்ணைப் பறவையாக நுழைந்தது. கறியில் கொழுப்பு இல்லை, எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது, தோலில் பை செய்யலாம், முட்டை ஓட்டில் கைவினை செய்யலாம் என்று பட்டியல் நீளமாக இருந்தது. கோழிப் பண்ணைகளுக்கான மத்திய அரசின் நிதித் திட்டத்தில் ஈமுவுக்கும் இடம் இருந்தது. 2010-ஐ ஒட்டி ஈரோடு மாவட்டம் பெருந்துறையைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்தன. அதில் பெரியது சுசி ஈமு ஃபார்ம்ஸ். டி.வி. போட்டால் விளம்பரம்.

அவர்கள் சொன்ன திட்டத்தைப் பாருங்கள். ஒன்றரை லட்சம் டெபாசிட் கட்டினால் ஆறு குஞ்சு கொடுப்பார்கள், கொட்டகை போட்டுக் கொடுப்பார்கள், தீவனமும் அவர்களே. வளர்ப்புக் கூலி மாதம் 6,000 ரூபாய். வருடத்துக்கு 20,000 ரூபாய் போனஸ். இரண்டு வருடம் முடிந்ததும் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். வளர்க்க இடம் இல்லாதவருக்கு வி.ஐ.பி. திட்டம் என்று தனியாக ஒன்று: பறவையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும், நீங்கள் பணம் மட்டும் கட்டினால் போதும்.

நான் அப்போது கொங்குப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் மேலாளராக இருந்தேன். இரண்டு வருடத்தில் மாதப் பணம் 1,44,000, போனஸ் 40,000, ஆக 1,84,000. போட்ட முதல் ஒன்றரை லட்சம் தனியாகத் திரும்பி வரும். வருடத்துக்கு 61 சதவீதம். பேங்கில் ஃபிக்சட் டெபாசிட்டுக்கு 9 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். இது ஒருபக்கம் இருக்கட்டும். ஈமுக் குஞ்சு முட்டையிடவே ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். அதுவரை அது தின்னும், வளரும், வேறொன்றும் செய்யாது. அப்படியென்றால் இரண்டாவது மாதமே வருகிற 6,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது? பறவையிலிருந்து வரவில்லை. அடுத்து டெபாசிட் கட்டிய இன்னொரு விவசாயியின் பணத்திலிருந்துதான் வர முடியும்.

லோன் கேட்டு வருகிறவர்கள் கம்பெனியின் ஒப்பந்தப் பத்திரத்தை லேமினேட் செய்தே கொண்டுவருவார்கள். விண்ணப்பத்தில் சந்தை வாய்ப்பு என்ற இடத்தில் 'கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளும்' என்று எழுதியிருக்கும். "கம்பெனி வாங்கி யாருக்குங்க விக்கும்?" என்று கேட்பேன். "அடுத்த பண்ணைக்காரருக்குங்க" என்பார்கள். "அவரு?" "அவருகிட்டயும் கம்பெனிதாங்க வாங்கும்." யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பேசியவர்கள் எல்லாம் மஞ்சளிலும் கரும்பிலும் என்னைவிடப் பத்து மடங்கு கணக்குத் தெரிந்தவர்கள். மஞ்சள் மண்டியில் ஏமாற்ற முடியாத ஆள், ஈமுவில் மட்டும் ஏன் கேட்கவில்லை? மாதா மாதம் ஒன்றாம் தேதி பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் 6,000 ரூபாய் வரவு விழுவதை அவர் கண்ணால் பார்த்தார். பாஸ்புக்கில் அச்சாகி வருவதை எப்படி நம்பாமல் இருப்பது? லோன் கிடைக்காதவர்கள் வீட்டு நகையோடு வந்தார்கள். எதற்கு என்று கேட்டால் குடும்பச் செலவு என்பார்கள்.

இப்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பண்ணையில் மூன்று ஜோடி. ஒரு பெட்டை ஒரு பருவத்தில் இருபது குஞ்சு தருகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். மூன்று பெட்டைக்கு அறுபது குஞ்சு. அறுபது குஞ்சை விற்க, ஆளுக்கு ஆறு வீதம், பத்துப் புதுப் பண்ணை வேண்டும். அந்தப் பத்துக்கு அடுத்த சுற்றில் நூறு. பிறகு ஆயிரம், பத்தாயிரம், ஐந்தாவது சுற்றில் ஒரு லட்சம் பண்ணை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. ஊராட்சிக்கு எட்டு ஈமுப் பண்ணை. இது ஒரே ஒரு பண்ணையிலிருந்து தொடங்கிய கணக்கு. அந்த ஐந்தாவது சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, புது ஆள் சேர்வது ஒரு மாதம் தடைப்பட்டாலே போதும், கதை முடிந்துவிடும்.

2012 ஆகஸ்டில் முடிந்தது. பெருந்துறை அலுவலகம் பூட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் ஈரோட்டில் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அடுத்தடுத்து மற்றக் கம்பெனிகளும் கவிழ்ந்தன. தீவனம் நின்றதால் பறவைகள் பசியில் சாகத் தொடங்கின. அரசே கால்நடைத் துறை மூலம் தீவனம் போட வேண்டியிருந்தது. டெபாசிட்டுகளுக்கான 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குகள் கோவை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயின. பத்தாண்டுச் சிறைத் தண்டனைகூட விதிக்கப்பட்டது. பணம்?

அந்த நேரத்தில் பலரும் இதை மோசடி என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். மோசடிதான். ஆனால் கம்பெனி நேர்மையாக இருந்திருந்தாலும் விலை விழுந்திருக்கும் என்பதுதான் என் கட்சி. அதற்குச் சாட்சி மறுபடியும் அமெரிக்காதான். அங்கே 1990-களின் தொடக்கத்தில், டெக்சாஸில் முக்கியமாக, ஈமு இனப்பெருக்க ஜோடி பல்லாயிரம் டாலருக்குப் போனது. யாரும் யாரையும் மாதச் சம்பளம் காட்டி ஏமாற்றவில்லை. பண்ணைக்காரர் பண்ணைக்காரருக்கு விற்றார், அவ்வளவுதான். கறி சாப்பிட மக்கள் வரவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பறவைக்குச் சில டாலர்கூடக் கிடைக்காமல் அவிழ்த்து விட்டவர்கள் உண்டு. நம் ஊரில் ஈமு விளம்பரம் வந்தபோது அங்கே அது முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விலை விழுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மதுரை மல்லி முகூர்த்த நாளுக்கு முதல் நாள் கிலோ ஆயிரங்களில் போகும், ஆடியில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. திட்டிக்கொண்டேதான் பறிக்கிறோம். ஆனால் பூ வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள், சாமிக்கு மாலை வேண்டும், கல்யாணம் நடக்கும். விலை திரும்பி வரும். திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் விலை ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. யாரோ ஒருவர் கறி தின்னப் போகிறார். நம் மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பரில் மாநிலத்தின் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். காலையில் போய் நின்று பாருங்கள், எதிரே நிற்பவர் கையில் பை இருக்கும், அன்றைக்குச் சமைக்க வாங்குகிறார். நாளை மறுநாள் திரும்ப வருவார். இந்தச் சந்தையில் நஷ்டம் வரலாம். ஆனால் சந்தையே இல்லாமல் போகாது.

பாம்பிலேயே அப்படிப்பட்ட சந்தை ஒன்று இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்புப் போனது. ராமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் உடன் நின்று இந்தச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதியோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷத்தை மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன. ராத்திரி வரப்பில் கடிபட்டு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நம் ஆளுக்கு ஏற்றுகிற ஊசி மருந்து விஷத்திலிருந்துதான் வருகிறது. இங்கே யாரும் பாம்புக் குட்டி விற்கவில்லை.

நம் வயலுக்கு வந்தால் இன்னும் எளிது. என் கொல்லையில் ஒரு ஜோடி சாரைப்பாம்பு இருக்கிறது, வைக்கோல் போர் பக்கம் அடிக்கடி பார்ப்பேன். எலிப் பொறி வாங்கி நாலு வருடம் ஆகிறது. சந்தையில் அதற்கு விலை பூஜ்யம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம்.

கருங்கோழி என்று நாம் சொல்கிற கடக்நாத், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பழங்குடி மக்களின் கோழி. 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அருமையான கோழிதான். ஆனால் மறு வருடமே, 2019-ல், மகாராஷ்டிரத்தின் சாங்லிப் பக்கம் அதே கோழியை வைத்து ஈமுக் கணக்கை அப்படியே நடத்திக் காட்டினார்கள்: குஞ்சு கொடுப்போம், முட்டையைத் திரும்ப வாங்குவோம். விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கம்பெனி தேவைப்படவில்லை, நாமே ஒருவருக்கொருவர் குஞ்சு விற்றுக்கொண்டோம். கருங்கோழிக் கறி வாங்கிச் சமைத்த குடும்பம் உங்கள் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குஞ்சு வாங்கிய பண்ணை எத்தனை என்று அடுத்து எண்ணுங்கள்.

கிளிமூக்கு விசிறிவால் சேவலும் பால் பைத்தான் மாதிரிதான். மூக்கின் வளைவுக்கும் வாலின் விரிப்புக்கும் விலை. நல்ல சேவல் லட்சத்துக்குப் போகும், கண்காட்சியில் பரிசு வாங்கும். ரசிகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ரசனை உண்மையானது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ரசிகர் கூட்டம் சிறியது. நூறு குஞ்சில் லட்சணம் முழுசாக அமைவது விரல் விட்டு எண்ணலாம். மிச்சம் கறி விலைக்குத்தான் போக வேண்டும். பரிசுச் சேவலின் படத்தைக் காட்டி மிச்சத்தின் தம்பி தங்கைகளை விற்கிறவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

கிர் பசு குஜராத்திலிருந்து லாரியில் வருகிறது. வந்த விலை என்ன, அது கறக்கிற பாலை லிட்டர் என்ன விலைக்கு மதுரையில் தினமும் ஊற்ற முடிகிறது என்ற கணக்கைச் சொல்லாமல், 'கன்னுக்குட்டியே இவ்வளவு போகும்ணே' என்று சொல்கிறார்கள். நம் மதுரை, சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடு சாணிக்கும் உழவுக்கும் வாடிவாசலுக்கும் இங்கேயே நிற்கிறது. அசோலாவைப் பாருங்கள், சில நாளில் இரட்டிப்பாகிற செடி. அதைத் தாய் வித்து என்று கிலோக் கணக்கில் விலை போட்டு விற்பதை என்ன சொல்ல? மண்புழுவும் அப்படியே. உரத்தை விற்றுச் சம்பாதித்த பண்ணையைவிட, புழுவையும் தொட்டியையும் ஒருநாள் பயிற்சியையும் விற்றுச் சம்பாதித்த பண்ணைகள் எனக்கு அதிகம் தெரியும். பயிற்சி முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வரும்போது கேட் பக்கத்தில் குஞ்சுக் கூடை தயாராக இருக்கும்.

இனத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். கலப்பில்லாமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. நான் பார்க்கிற அளவுகோல் இதுதான்: முட்டையின் விலை, பொரித்த செலவு, இறப்பில் போனது, அதுவரை போட்ட தீவனம், அவர் உழைப்பு எல்லாம் சேர்த்து வருகிற தொகைக்குப் பக்கத்தில் குஞ்சின் விலை இருந்தால் கேள்வி கேட்காமல் கொடுக்கலாம். பத்து மடங்கு இருந்தால், நான் அடுத்த ஆளிடம் விற்கப்போகிற குஞ்சின் விலையையும் சேர்த்து இப்போதே அவர் வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம். அந்த அடுத்த ஆள் வராவிட்டால் நஷ்டம் எனக்குத்தான், அவருக்கு இல்லை.

தானே பெருகுகிற பொருளை எப்படிக் கைமாற்றுவது என்று நம்மிடம் ஏற்கெனவே ஒருவர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நெல் ஜெயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லை. பேங்க்காரன் கண்ணுக்கு இது நூறு சதவீத வட்டி! ஆனால் இரண்டு கிலோ விதைத்தவர் வீட்டில் மூட்டைக் கணக்கில் நெல் இருக்கும்போது நாலு கிலோ யாருக்கும் பாரமே இல்லை. திரும்பி வந்த நாலு கிலோ அடுத்த இரண்டு பேருக்குப் போகும். ஈமுவில் ஒன்று பத்தாகி எல்லாரையும் கவிழ்த்தது. இங்கே ஒன்று இரண்டாகி ஊர் ஊராகப் போனது. நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ரகங்களை அவர் மீட்டார். 2018 டிசம்பரில் போய்விட்டார். மாப்பிள்ளைச் சம்பாவுக்கோ கருப்புக் கவுனிக்கோ விதைநெல் விலை என்று அவர் ஒரு பெரும் தொகை வைத்திருந்தால், முதலில் வாங்கிய நூறு பேர் அடுத்த ஆயிரம் பேருக்கு விற்றிருப்பார்கள், பிறகு அது குருவித் தீனியாகியிருக்கும். அரிசியாகச் சோற்றுப் பானைக்குப் போன பிறகுதான் அதற்கு விலை கிடைக்க வேண்டும் என்று அவர் வைத்த ஏற்பாடு அது.

ஆகவே ஆசிரியர் குழுவிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இதழின் விளம்பரப் பக்கத்தில் குஞ்சு, கன்று, குட்டி, புழு, கன்றுச்செடி எது விற்பனைக்கு வந்தாலும், 'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்ற வரி அதில் இருந்தால் வெளியிட வேண்டாம். விளம்பர வருமானம் குறையும், தெரியும். சந்தா இருபது ரூபாய் கூட்டினால் கொடுக்கிறோம். வெளியிடத்தான் வேண்டும் என்றால், விளம்பரம் கொடுப்பவர் போன வருடம் இனவிருத்திக்காக விற்றது எவ்வளவு, சாப்பிட அல்லது பயன்படுத்த விற்றது எவ்வளவு என்று இரண்டு எண்களைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

நம் மாதக் கூட்டத்துக்கு வரும் முன்னோடி விவசாயிகளிடமும் அதே இரண்டு எண்ணைக் கேட்கிறேன். அடுத்த கூட்டம் வாடிப்பட்டியில். கோழி வைத்திருப்பவர்கள் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். என்னிடம் சிறுவிடைக் கோழி அறுபது உருப்படி இருக்கிறது. முட்டை எத்தனை போனது, கறிக்கு எத்தனை, குஞ்சாக எத்தனை, நாய் தூக்கியது எத்தனை என்று மூன்று வருடக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். உசிலம்பட்டித் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லா நோட்டையும் ஒரே பெஞ்சில் வைத்து, அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.